காது பெருசு, வாய் சிறுசு!
(நீர்மூழ்கிக் கப்பலுக்குச் சேதி போகும் விதமும், நீர்மூழ்கியின் பயன்களும்)



போன மாதச் சுவர் இதழில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் ராக்கெட்டைப் பற்றி அழகாக எழுதியிருந்தான். நாம் எல்லோரும் வானத்தையே பார்த்து எழுதுகிறோம். கடலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதவில்லை. அதனால் இந்த மாதம் நான் நீர்மூழ்கிக் கப்பலை எடுத்துக்கொண்டேன்.

"நம்ம ஊர்ல கடலே இல்லையே, நமக்கும் நீர்மூழ்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. நாங்குநேரி பக்கம் விஜயநாராயணத்தில் வானத்தை முட்டுகிற மாதிரி கோபுரங்கள் நிற்கின்றனவே, அவற்றை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சில பேர் அதை டி.வி. டவர் என்கிறார்கள். சில பேர் செல்போன் டவர் என்கிறார்கள். இரண்டும் இல்லை. கடலுக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் சேதி சொல்லும் டவர் அது. நம் நாட்டிலேயே மிக உயரமான கட்டமைப்பும் அங்கேதான் நிற்கிறது. உயரம் சுமார் 471 மீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் கோபுரம் 192 அடி. அந்த மாதிரி எட்டுக் கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் கிட்டத்தட்ட அந்த உயரம் வரும்!

எதற்கு இம்புட்டு உயரம்? செல்போனில் பேசுகிற மாதிரி கப்பலோடு பேசிவிட முடியாதா? இதற்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை.

1. நீர்மூழ்கி எப்படி மூழ்குகிறது?

முதலில் இதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஆர்க்கிமிடிஸ் விதியை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். நீர்மூழ்கியின் உடம்பைச் சுற்றிப் பெரிய பெரிய தொட்டிகள் இருக்கும். அந்தத் தொட்டிகளில் காற்று இருக்கும்போது கப்பல் மிதக்கும். தொட்டிகளைத் திறந்து கடல்நீரை உள்ளே விட்டால் எடை கூடிக் கப்பல் மூழ்கும். மறுபடி மேலே வர வேண்டுமென்றால் அழுத்திச் சேர்த்து வைத்திருக்கும் காற்றைத் தொட்டிக்குள் விட்டுத் தண்ணீரை வெளியே தள்ளுவார்கள். அவ்வளவுதான்.

நீர்மூழ்கியில் இரண்டு வகை முக்கியம். ஒன்று டீசல் - மின்சார நீர்மூழ்கி. இது தண்ணீருக்குள் பேட்டரியில் ஓடும். பேட்டரி தீர்ந்தால் டீசல் இன்ஜினை ஓட்டி சார்ஜ் செய்ய வேண்டும். இன்ஜினுக்குக் காற்று வேண்டுமே! அதற்காக மேலே வந்து ஒரு குழாயை நீட்டிக் காற்று வாங்கும். இன்னொன்று அணுசக்தி நீர்மூழ்கி. இதற்குக் காற்றும் வேண்டாம், அடிக்கடி எரிபொருளும் வேண்டாம். உள்ளே இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு இருக்கும்வரை மாதக் கணக்கில் கீழேயே இருக்கலாம்.

நீர்மூழ்கியின் பலம் ஒன்றே ஒன்றுதான். அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

2. உப்புத் தண்ணீர் ஏன் ரேடியோவை விழுங்குகிறது?

உப்புக் கரைந்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். ரேடியோ அலை என்பது மின்காந்த அலை. அது கடல்நீருக்குள் நுழைந்ததும் தண்ணீரில் சின்னச் சின்ன மின்னோட்டங்களை உண்டாக்குகிறது. அலையின் சக்தி எல்லாம் அதிலேயே செலவாகிவிடும். கொஞ்ச தூரத்துக்குள் அலை செத்துப்போகும்.

இதை நாமே வீட்டில் செய்து பார்க்கலாம். நான் செய்து பார்த்தேன். பேட்டரியில் ஓடுகிற சின்ன எஃப்.எம். ரேடியோ ஒன்று, பெரிய பிளாஸ்டிக் வாளி ஒன்று, இரண்டு பாலித்தீன் பை, ஒரு கிலோ கல் உப்பு, ஒரு கருங்கல் போதும். (இரும்பு வாளியோ சில்வர் வாளியோ வேண்டாம். உலோகமே அலையை மறித்துவிடும்.) ரேடியோவைப் பாட வைத்து, பாலித்தீன் பைக்குள் கல்லோடு சேர்த்துத் தண்ணீர் புகாமல் இறுக்கிக் கட்டி, நல்ல தண்ணீர் நிறைந்த வாளியில் இறக்கினேன். வாளியின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டால் இரைச்சலோடு பாட்டு கேட்டது. பிறகு அதே தண்ணீரில் ஒரு கிலோ உப்பையும் கரைத்துவிட்டு மறுபடி இறக்கினேன். பாட்டு போயே போச்சு! வெறும் 'உஸ்ஸ்...' என்ற சத்தம்தான். ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒரு கிலோ உப்பையும் தண்ணியில போட்டியா?" என்று சத்தம் போட்டார்கள். அறிவியலுக்காக அதையும் வாங்கிக்கொண்டேன்.

இந்தச் சோதனையில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. ரேடியோவின் 'உஸ்' சத்தம் தண்ணீரைத் தாண்டி என் காதுக்கு வந்துவிட்டது. ரேடியோ அலைதான் உள்ளே போகவில்லை. அதாவது உப்புத் தண்ணீருக்குள் ரேடியோ அலை திணறும், ஒலி அலை ஜாலியாக ஓடும். காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர் போகும்!

3. நீளமான அலைதான் ஆழமாகப் போகும்

எல்லா ரேடியோ அலையும் ஒரே மாதிரி சாவதில்லை. அலைநீளம் கூடக் கூட அது கடலுக்குள் அதிக தூரம் போகும். கீழே உள்ள கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு அலையும் கடல்நீரில் எவ்வளவு தூரம் போனால் அதன் வலிமை சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்பது இது.

* எஃப்.எம். அலை (100 மெகாஹெர்ட்ஸ்) - சுமார் 2.5 சென்டிமீட்டர்
* மிகத் தாழ் அதிர்வெண் அலை (18 கிலோஹெர்ட்ஸ்) - சுமார் 2 மீட்டர்
* மிக மிகத் தாழ் அதிர்வெண் அலை (76 ஹெர்ட்ஸ்) - சுமார் 29 மீட்டர்

எஃப்.எம். அலை ஒரு சாண் ஆழத்திலேயே ஒன்றுமில்லாமல் போகும். இரண்டாவது அலையை 10 முதல் 20 மீட்டர் ஆழம் வரை நல்ல ஏற்பியால் பிடித்துவிடலாம். மூன்றாவது 100 மீட்டருக்கும் கீழே போகும்.

இரண்டாவதைத்தான் வி.எல்.எஃப். என்று சொல்கிறார்கள். 3 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள அலைகள் இந்த வகை. நம் விஜயநாராயணம் நிலையம் வி.எல்.எஃப். நிலையம்தான். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. இந்த அலை தரைக்கும் மேலே உள்ள அயனி மண்டலத்துக்கும் நடுவில், குழாய்க்குள் தண்ணீர் போகிற மாதிரி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். நாங்குநேரியில் இருந்து கிளம்பி இந்தியப் பெருங்கடலில் தூரத்தில் இருக்கும் கப்பலுக்குப் போய்விடும்.

இப்போது டவர் ஏன் உயரம் என்ற கணக்கு. அலைநீளம் = வேகம் ÷ அதிர்வெண். ரேடியோ அலையின் வேகம் நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர். 18 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 18,000 அதிர்வுகள். 3,00,000 ÷ 18,000 = சுமார் 16.7 கிலோமீட்டர். ஒரே ஒரு அலையின் நீளம் சுமார் 16.7 கிலோமீட்டர்! ஆன்டெனா நன்றாக வேலை செய்ய அலைநீளத்தில் கால் பங்கு உயரமாவது இருப்பது நல்லது. அப்படியானால் 4 கிலோமீட்டருக்கு மேல் உயரம் வேண்டும். அதை யார் கட்டுவது? நமக்கு வானளாவத் தெரிகிற அந்த 471 மீட்டர் டவர் கணக்குப்படி பார்த்தால் குட்டை டவர்! குட்டையாக இருக்கிற குறையைச் சரிக்கட்டத்தான் டவர்களின் உச்சியில் இருந்து நாலா பக்கமும் கம்பிகளை விரித்துக் கட்டி, பெரிய அளவில் மின்சாரம் கொடுக்கிறார்கள்.

4. கரையில் உள்ள பாகங்கள்

(அ) கட்டளை மையம்: சேதி இங்கேதான் பிறக்கிறது. கடற்படைத் தலைமை இங்கிருந்து உத்தரவு கொடுக்கும்.

(ஆ) சங்கேதக் கருவி: சேதியை மற்றவர்களுக்குப் புரியாத சங்கேத எழுத்தாக மாற்றும். ரேடியோ அலை நண்பனுக்கும் போகும், எதிரிக்கும் போகுமே! அதனால் இது முக்கியம்.

(இ) பரப்பியும் பெருக்கியும்: சங்கேத எழுத்தை ரேடியோ அலையாக மாற்றி, அதன் வலிமையைப் பல மடங்கு கூட்டும்.

(ஈ) ஆன்டெனா கோபுரங்கள்: அலையை வெளியே அனுப்பும். கரண்ட் கம்பம் சாயாமல் இருக்க ஸ்டே கம்பி இழுத்துக் கட்டுவார்கள் அல்லவா, அதேபோல இவற்றையும் நாலு பக்கமும் கம்பியால் இழுத்துக் கட்டி நிறுத்தியிருப்பார்கள்.

(உ) தரைக் கம்பி வலை: கோபுரத்தைச் சுற்றி மண்ணுக்கு அடியில் உலோகக் கம்பிகளைப் புதைத்திருப்பார்கள். இது இல்லாவிட்டால் பாதிச் சக்தி மண்ணிலேயே வீணாகும்.

விஜயநாராயணம் நிலையத்தின் பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். "ஐ.என்.எஸ். என்றால் கப்பல் பெயர் ஆச்சே?" என்று நினைக்கலாம். கடற்படையில் கரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைப்பார்கள். 1990-ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் இதைத் தொடங்கி வைத்தார். 2014-ல் இங்கே புதிய வி.எல்.எஃப். பரப்பியும் வந்தது. நாட்டின் இரண்டாவது வி.எல்.எஃப். நிலையத்துக்கு 2024 அக்டோபரில் தெலங்கானாவில் விகாராபாத் பக்கம் தாமகுண்டத்தில் அடிக்கல் நாட்டினார்கள்.

5. கப்பலில் உள்ள பாகங்கள்

(அ) மிதக்கும் கம்பி ஆன்டெனா: நீர்மூழ்கியின் பின்னால் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பி வால் மாதிரி நீளும். கப்பல் கீழே இருக்கும். கம்பி மட்டும் தண்ணீரின் மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் மிதந்து அலையைப் பிடிக்கும். பட்டம் விடுகிற மாதிரிதான், தலைகீழாக!

(ஆ) இழுவை மிதவை: கம்பிக்குப் பதிலாக ஆன்டெனா வைத்த ஒரு மிதவையைக் கயிற்றில் கட்டி மேலே விடுவது.

(இ) கம்பத்து ஆன்டெனா: பெரிஸ்கோப் ஆழத்துக்கு வந்து, கம்பத்தை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டினால் செயற்கைக்கோளோடு பேசலாம். இந்தியக் கடற்படைக்காகவே ஜிசாட்-7 என்ற செயற்கைக்கோள் 2013 ஆகஸ்ட் 30 அன்று ஏவப்பட்டது. இதில் சேதி வேகமாகப் போகும், வரும். ஆனால் கம்பம் வெளியே தெரியுமே! அதனால் டக்கென்று நீட்டி டக்கென்று இழுத்துக்கொள்வார்கள். ஆமை தலையை நீட்டுகிற மாதிரி.

(ஈ) ஏற்பியும் ரேடியோ அறையும்: வந்த அலையை வாங்கி, சங்கேதத்தை அவிழ்த்து, காகிதத்தில் எழுத்தாக எடுத்துக் கேப்டனிடம் கொடுப்பார்கள்.

(உ) சோனார்: இது ரேடியோ இல்லை, ஒலி. ஹைட்ரோஃபோன் என்கிற நீருக்குள் கேட்கும் மைக்குகள் இதில் இருக்கும். வேறு கப்பலின் விசிறிச் சத்தத்தைக் கேட்டே அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். நீர்மூழ்கிக்கு ஜன்னல் கிடையாது. காதுதான் கண்.

(ஊ) நீரடித் தொலைபேசி: குரலை ஒலி அலையாகவே தண்ணீருக்குள் அனுப்பி, பக்கத்தில் உள்ள கப்பலோடு பேசுவது. சில கிலோமீட்டர்தான் எட்டும். சுற்றி இருக்கிற எல்லோருக்கும் கேட்டுவிடும் என்பதால் அவசியத்துக்குத்தான் பயன்படுத்துவார்கள்.

(எ) ஆபத்து மிதவை: கப்பல் மூழ்கி மேலே வர முடியாமல் போனால் மேலே மிதந்து போய் "நான் இங்கே இருக்கிறேன்" என்று காட்டும்.

இவ்வளவு இருந்தும் ஒரு குறை உண்டு. வி.எல்.எஃப். அலையில் ஒரு நிமிடத்துக்குச் சில நூறு சொற்கள்தான் போகும். குரல் போகாது, படம் போகாது. அந்தக் காலத்துத் தந்தி மாதிரி எழுத்து மட்டும்தான். இன்னும் ஆழமாகப் போகும் 76 ஹெர்ட்ஸ் அலையை அமெரிக்கா 1989 முதல் 2004 வரை பயன்படுத்தியது. அந்த ஒரு அலையின் நீளம் சுமார் 3,947 கிலோமீட்டர். நம் இந்தியாவின் வடக்கு தெற்கு நீளமே 3,214 கிலோமீட்டர்தானே! அதில் மூன்று எழுத்து அனுப்பவே சுமார் 15 நிமிடம் ஆகும். அதனால் "மேலே வா, சேதி இருக்கிறது" என்று கூப்பிடும் மணி மாதிரிதான் அதை வைத்திருந்தார்கள்.

6. ஏன் பதில் பேசுவதில்லை?

கரையில் 471 மீட்டர் டவர் இருக்கிறது. கப்பலுக்குள் அப்படி ஒன்றை வைக்க முடியுமா? முடியாது. அதனால் வி.எல்.எஃப். ஒருவழிப் பாதை. கரை பேசும், கப்பல் கேட்கும். கப்பல் பேச வேண்டுமென்றால் மேலே வந்து கம்பத்தை நீட்ட வேண்டும். பேசினால் அந்த அலையை வைத்தே எதிரி இடத்தைக் கண்டுபிடித்துவிடுவான்.

இது சும்மா பயம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அட்லாண்டிக் கடலில் கூட்டமாக வேட்டையாடின. அதற்காகத் தலைமையோடு அடிக்கடி ரேடியோவில் பேசின. நேச நாட்டுக் கப்பல்கள் அந்த அலை வரும் திசையைக் கண்டுபிடிக்கும் கருவியை வைத்துக்கொண்டு துரத்தின. சங்கேதத்தையும் உடைத்துவிட்டார்கள். விமானம், ரேடார் என்று வேறு காரணங்களும் சேர, ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் போனவர்களில் நாலில் மூன்று பேர் உயிரோடு திரும்பவில்லை. பேச்சு உயிரை வாங்கும் என்பது அங்கே உண்மையாகவே நடந்தது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்காரருக்கு நீர்மூழ்கியில் வேலை. "அத்தான் கூட தினமும் பேசுவீங்களாக்கா?" என்று கேட்டேன். "கப்பல் உள்ள போயிருச்சுன்னா போன் வராது பிள்ள. நாமளும் போட முடியாது. எங்க இருக்காங்கன்னு கேக்கவும் கூடாது. வெளிய வந்து அவங்களே போட்டாத்தான் உண்டு" என்று சொன்னார்கள். அவர்கள் கைக்குழந்தை நடக்க ஆரம்பித்த சேதி அத்தானுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியுமாம். பிரிட்டன் நீர்மூழ்கிகளில் வீட்டார் வாரத்துக்கு 120 சொல் வரை எழுதி அனுப்பலாம் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதற்கும் கப்பலில் இருப்பவர் பதில் எழுத முடியாது. கேட்கத்தான் முடியும்.

அதனால்தான் தலைப்பில் எழுதினேன்: நீர்மூழ்கிக்குக் காது பெருசு, வாய் சிறுசு.

7. சேதி போய்ச் சேராவிட்டால்?

இதுதான் நான் எல்லோருக்கும் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம்.

1962 அக்டோபரில் கியூபா ஏவுகணைப் பிரச்சினையில் அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் போருக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. அக்டோபர் 27 அன்று பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியை அமெரிக்கக் கப்பல்கள் வளைத்துக்கொண்டன. "மேலே வா" என்று காட்டுவதற்காகச் சிறிய வெடிகளைத் தண்ணீருக்குள் போட்டன. அப்படிப் போடப்போகிறோம் என்று அமெரிக்கா மாஸ்கோவுக்கு முன்பே சொல்லியிருந்தது. ஆனால் அந்தச் சேதி நீர்மூழ்கிக்குப் போய்ச் சேரவே இல்லை! கப்பல் ஒளிந்துகொள்ள ஆழத்தில் இருந்ததால் ரேடியோவும் கேட்க முடியவில்லை. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. உள்ளே தாங்க முடியாத வெக்கை. மேலே போர் ஆரம்பித்துவிட்டதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கப்பலில் அணுகுண்டு வைத்த டார்பிடோ ஒன்று இருந்தது.

பின்னாளில் கப்பலில் இருந்தவர்கள் சொன்னபடி, கேப்டன் சவிட்ஸ்கி கோபத்தில் அந்த டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார். கூட இருந்த வாசிலி ஆர்கிபோவ் என்ற அதிகாரி அவரைச் சமாதானப்படுத்தினார். டார்பிடோ போகவில்லை. கப்பல் மேலே வந்தது. மேலே போரே இல்லை!

யோசித்துப் பாருங்கள். சேதி ஒன்று கடல்நீரைத் தாண்டவில்லை. அதனால் உலகமே எரிந்திருக்கலாம். ஒரு மனிதர் பொறுமையாக இருந்ததால் தப்பித்தோம். எல்லாக் கப்பலிலும் ஒரு ஆர்கிபோவ் இருப்பார் என்று நம்பிக்கொண்டு உட்கார முடியுமா? அதனால்தான் நாடுகள் இவ்வளவு செலவு செய்து இவ்வளவு உயரமான டவர் கட்டுகின்றன. "சுடு" என்று சொல்வதற்கு மட்டும் இல்லை. "சுடாதே, ஒன்றும் இல்லை, பொறு" என்று சொல்வதற்கும் அந்த டவர்தான் வேண்டும்.

8. ஆபத்தில் சேதி

1939 மே 23 அன்று ஸ்குவாலஸ் என்ற அமெரிக்க நீர்மூழ்கி ஒத்திகையின்போது தண்ணீர் புகுந்து சுமார் 74 மீட்டர் ஆழத்தில் தரை தட்டியது. 26 பேர் இறந்தார்கள். 33 பேர் முன்பகுதியில் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் ஆபத்து மிதவையை மேலே விட்டார்கள். அதில் ஒரு டெலிபோன் இருந்தது! தேடி வந்த ஸ்கல்பின் என்ற கப்பல் மிதவையைப் பார்த்து டெலிபோனை எடுத்துப் பேசியது. கொஞ்ச நேரத்தில் கம்பி அறுந்துவிட்டது. அதன் பிறகு உள்ளே இருந்தவர்கள் சுத்தியலால் கப்பல் சுவரைத் தட்டித் தந்தி மொழியில் பேசினார்கள். மணி வடிவக் கூண்டை இறக்கி அந்த 33 பேரையும் காப்பாற்றிவிட்டார்கள்.

2000 ஆகஸ்ட் 12 அன்று ரஷ்யாவின் கூர்ஸ்க் வெடித்து மூழ்கியபோது அதன் ஆபத்து மிதவை மேலே வரவில்லை. பின்பகுதியில் 23 பேர் சில மணி நேரம் உயிரோடு இருந்தார்கள். இருட்டில் எழுதிய ஒரு கடிதம் பிறகு கிடைத்தது. ஆனால் கப்பலில் இருந்த 118 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஸ்குவாலஸ் மாதிரி எல்லா விபத்திலும் காப்பாற்றிவிட முடியாதுதான். ஆனாலும் "இங்கே இருக்கிறோம்" என்று சொல்ல முடிந்தால்தான் உதவி சீக்கிரம் வரும். நம் கடற்படையும் 2018-ல் ஆழ்கடல் மீட்பு வாகனம் வாங்கிச் சேர்த்திருக்கிறது. 2021-ல் இந்தோனேசிய நீர்மூழ்கி ஒன்று காணாமல் போனபோது நம் நாடு அதை உதவிக்கு அனுப்பி வைத்தது.

9. நீர்மூழ்கியின் பயன்கள்

* நாட்டுக் காவல்: எதிரிக் கப்பல்களைக் கண்காணிக்கவும், தேவைப்பட்டால் தாக்கவும் பயன்படும். இந்தியாவின் முதல் நீர்மூழ்கி ஐ.என்.எஸ். கல்வாரி 1967 டிசம்பர் 8 அன்று படையில் சேர்ந்தது. அதனால் டிசம்பர் 8 நம் நாட்டில் நீர்மூழ்கி தினம்.

* போர் வராமல் தடுக்க: 2016-ல் ஐ.என்.எஸ். அரிஹந்த், 2024-ல் ஐ.என்.எஸ். அரிகாட் என்ற அணுசக்தி நீர்மூழ்கிகள் சேர்ந்தன. இவை அணு ஏவுகணை தாங்கக் கூடியவை. அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது இந்தியாவின் கொள்கை. யாராவது நம்மைத் தாக்கினால், ஒளிந்திருக்கும் நீர்மூழ்கியில் இருந்து பதிலடி வரும் என்ற பயத்திலேயே தாக்க மாட்டார்கள் என்பது கணக்கு. ஆனால் உத்தரவு டெல்லியில் இருந்து வர வேண்டும். அந்த உத்தரவுக்குப் பாலம்தான் டவர்.

* புதிய பாதை: 1958 ஆகஸ்ட் 3 அன்று நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கி பனிக்கட்டிக்கு அடியிலேயே வட துருவத்தைக் கடந்தது.

* ஆராய்ச்சி: 1960 ஜனவரி 23 அன்று டிரியஸ்ட் என்ற ஆழ்கடல் கலம் இரண்டு பேரோடு பசிபிக் கடலின் மிக ஆழமான இடத்துக்குப் போனது. ஆல்வின் என்ற சிறிய கலத்தில் போனவர்கள் 1977-ல் கலபகோஸ் பக்கம் கடலடியில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டார்கள். வெயிலே படாத அந்த இடத்தில் உயிர்கள் கூட்டமாக வாழ்ந்தன!

* நம் சென்னையில்: தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் மத்ஸ்யா-6000 என்ற கலத்தை உருவாக்கி வருகிறது. மூன்று பேர் 6,000 மீட்டர் ஆழம் போவதற்கு. 2025-ன் தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். அதிலும் மேலே உள்ள கப்பலோடு பேச ஒலித் தொலைபேசிதான்! 6,000 மீட்டரில் இருந்து குரல் மேலே வர 4 நொடி ஆகும். (6,000 ÷ 1,500 = 4. சரிதானே?)

நண்பர்களே, இனி யாராவது சின்னப் பிள்ளை உங்களிடம் "அந்த டவர் எதுக்கு?" என்று கேட்டால் "செல்போன் டவர்" என்று சொல்லிவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வீட்டுக்குப் பேச முடியாமல், காதை மட்டும் தீட்டிக்கொண்டு இருக்கிற மனிதர்களுக்குச் சேதி சொல்லும் டவர் என்று சொல்லுங்கள். அதன் வழியாகப் போகும் சேதி எப்போதும் "எல்லாம் நலம்" என்றே இருக்கட்டும்.

உங்களுக்கு மூன்று கேள்விகள்
(விடைகளைத் துண்டுச் சீட்டில் எழுதி, பெயர், வகுப்புடன் அறிவியல் டீச்சர் மேசையில் உள்ள பெட்டியில் போடவும்.)

1. 20 கிலோஹெர்ட்ஸ் அலையின் அலைநீளம் எத்தனை கிலோமீட்டர்?
2. சோனார் அனுப்பிய ஒலி எதிரில் உள்ள பாறையில் பட்டு 2 நொடியில் திரும்பி வந்தது. பாறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? (கவனம்: ஒலி போகவும் வேண்டும், வரவும் வேண்டும்!)
3. குளத்துத் தண்ணீரில் ரேடியோ அலை அதிக தூரம் போகுமா, கடல் தண்ணீரிலா? ஏன்?

 

- ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி